திருப்பூர் ரக்பி ஜெர்சி: துணிக்கு முழு மதிப்பெண், தையலுக்குப் பாதி

திருப்பூரில் ரக்பி ஜெர்சி என்று கேட்டால் இரண்டு விதமான சரக்கு கிடைக்கும். ஒன்று காதர்பேட்டைக் கடைகளில் ஏற்றுமதி மிச்சமாகத் தொங்குவது. கனத்த பருத்தி, அகலப் பட்டை, வெள்ளைக் காலர், ரப்பர் பட்டன். மற்றது, அணியாகச் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் ஜாப் ஒர்க் யூனிட்டில் தைத்துத் தரும், சூட்டில் மை ஏற்றி அச்சடித்த பாலியஸ்டர் சப்ளிமேஷன் ஜெர்சி. கல்லூரியில் ஏழு பேர் ரக்பி ஆடுகிற பையன்களுக்கும் ஊர்க் கபடி அணிகளுக்கும் உகந்தது இரண்டாவது வகை. அதிலும் வெள்ளை உடம்பும் கறுப்புக் கையுமாக, பிஜி அணியின் சாயலில் வரும் மாடலைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

துணி நன்றாக இருக்கிறது. அச்சு பரவாயில்லை. தையல், குறிப்பாக அக்குள் தையல், சொல்லி வாங்காவிட்டால் முதல் போட்டியிலேயே விட்டுவிடும்.

ஒரு விங்கரின், அதாவது ஓரக்கோட்டை ஒட்டி ஓடும் ஆட்டக்காரரின் ஜெர்சி என்ன பாடுபடுகிறது என்று தெரிந்துகொள்ள பிஜியின் செமி ரன்ட்ரன்ட்ராவின் ஆட்டத்தைப் பார்த்தால் போதும். 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில் 2, 5 ஆகிய எண்கள் விங்கர்களுடையவை. ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியில் பரமட்டா ஈல்ஸ் அணிக்காக 2013 முதல் 2017 வரை அவர் ஆடியது 94 ஆட்டம், வைத்த ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) 82. 2015 சீசனில் மட்டும் 24. அந்த ஆண்டு அவரைவிட அதிகம் வைத்தவர் யாருமில்லை. 2016-இல் ஆஸ்திரேலியாவுக்காக ஒரு டெஸ்ட் (நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்) ஆடினார். அடுத்த ஆண்டு சீசன் முடிந்ததும் பிரான்சின் தூலோன் கிளப்புக்குப் போய், 15 பேர் ஆடும் யூனியனுக்கு மாறிவிட்டார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏழு பேர் ரக்பியில் தங்கம் வென்ற பிஜி அணியிலும் இருந்தார். ஆக லீக் ஆட்டத்துக்கு அவர் கொடுத்தது ஐந்தே சீசன்.

மரிகா கொரொய்ம்பெத்தே 2012 முதல் 2016 வரை, சுலியாசி வுனிவாலு 2016 முதல் 2020 வரை என்று மற்ற இரண்டு பிஜி விங்கர்களின் கணக்கும் அப்படியே ஐந்து சீசனில் முடிகிறது. வுனிவாலு 2016, 2017 இரண்டு ஆண்டும் மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்காக 23 ட்ரை வீதம் வைத்தவர். மூவருமே இருபத்தைந்து வயதை ஒட்டி, கால் வேகம் உச்சத்தில் இருக்கும்போது யூனியன் பக்கம் போனார்கள். அங்கே ஐரோப்பா, ஜப்பான் கிளப்புகளின் ஒப்பந்தமும் பெரிய உலகக் கோப்பையும் ஒலிம்பிக்கும் இருந்தன. லீக் ரசிகர்களுக்கு இழப்புத்தான், ஆனால் குறை சொல்ல முடியாத முடிவு.

இந்த மூவரின் ட்ரைகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது ஜெர்சி வாங்குகிறவர் கவனிக்க வேண்டியது பந்தை அல்ல, எதிராளியின் கையை. ஓரக்கோட்டை ஒட்டி முழு வேகத்தில் ஓடுகிறவனைத் தோளுக்கு மேல் பிடித்தால் பெனால்டி. காலுக்குப் பாய நேரம் இருக்காது. எட்டிப் பிடிக்கிறவன் விரலில் முதலில் மாட்டுவது துணிதான். ஓடுகிறவன் ஒரு கையால் அவன் மார்பைத் தள்ளுகிறான், அக்குள் முழுதாக விரிகிறது. அதே நேரத்தில் பின்முதுகுத் துணி பின்னால் இழுபடுகிறது. இந்த இரண்டு இழுப்பும் சந்திக்கிற இடம் கையும் உடம்பும் பக்கத் தையலும் ஒன்றுகூடும் அக்குள் மூலை. கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

ட்ரையே விழாத ஆட்டத்திலும் ஜெர்சிக்கு ஓய்வு கிடையாது. 2017 நவம்பர் 18-ஆம் தேதி வெலிங்டனில் நடந்த ரக்பி லீக் உலகக் கோப்பைக் காலிறுதியில் பிஜி நியூசிலாந்தை 4–2 என்று வீழ்த்தியது. 80 நிமிடத்தில் ஒரு ட்ரைகூடக் கிடையாது, அத்தனை புள்ளியும் பெனால்டி உதையில் வந்தவை. பிடிப்பது, விழுவது, எழுவது, மறுபடி பிடிப்பது என்றே போன ஆட்டம். கபடியில் உடையைப் பிடித்து இழுப்பது விதிப்படி கூடாது. ஆனாலும் இடுப்புப் பிடியில் துணியும் சேர்ந்தே விரலுக்குள் போகிறது. அதனால் ரக்பிக்குச் சொல்வதில் பெரும்பகுதி கபடிக்கும் பொருந்தும்.

காதர்பேட்டைச் சரக்கை முதலில் முடித்துவிடலாம். பட்டன் கீழே போகும் பட்டியும் நெய்த காலரும் வைத்த இந்தப் பருத்தி ஜெர்சி பழைய ரக்பி உடையின் வடிவம். இன்று வெளிநாட்டிலும் இதை வெளியே போட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறார்கள். 280, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துத் தொங்கும். காலர் எதிராளிக்கு நல்ல கைப்பிடி. ஊட்டிக்குப் போகவும் மார்கழிக் குளிருக்கும் அருமையான உடுப்பு, நூலும் பின்னலும் தரமானவை. வாங்கும்போது மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழிறங்குகிறதா, முன்பக்கம் திரும்பி வருகிறதா? திரும்பினால் ஒவ்வொரு சலவைக்கும் இன்னும் திரும்பும். காலரை உடம்போடு இணைத்த இடத்தில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மிச்சச் சரக்கு டேமேஜ் ஆவதற்கு அது ஒரு வழக்கமான காரணம். லேபிளில் உள்ள அளவை நம்பாமல் டேப் வைத்து மார்பை அளந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய எம் பல சமயம் நம் எல்.

இனி ஆர்டர் ஜெர்சி.

திருப்பூரின் கை பருத்தியில் பழகிய கை. பாலியஸ்டர் துணி பெரும்பாலும் சூரத், லூதியானா பக்கமிருந்து ரோலாக வருகிறது, இங்கே வெட்டி அச்சடித்துத் தைக்கிறார்கள். ஆகவே துணியின் தரம் யூனிட்டைப் பொறுத்ததல்ல, நீங்கள் எந்தத் துணியைக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் என்று மட்டும் சொன்னால் 150, 160 ஜி.எஸ்.எம். டாட் நிட் வரும். கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் அது போதும். பிடி விழுகிற ஆட்டத்துக்கு 220 முதல் 240 வரை உள்ள இன்டர்லாக், அதில் 5 முதல் 8 சதவீதம் லைக்ரா என்ற இழுபடும் நார். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பின்னியது. ஓரம் சுருளாது, ஒரு கண்ணி அறுந்தாலும் சிங்கிள் ஜெர்சி மாதிரி ஏணி போட்டு ஓடாது.

சொன்ன கனம்தான் வந்ததா என்று பார்க்க, அளந்து வெட்டும் கட்டர் கருவி வேண்டியதில்லை. சாம்பிள் துணியில் சரியாக 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 2.2 கிராம் என்றால் 220. இழுத்து நிறுத்திய துணியை அளக்கக் கூடாது, மேசையில் விரித்து ஒரு மணி நேரம் தளர விட்டு அளக்க வேண்டும். பருத்தி கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஒரு நூலைக் கொளுத்துங்கள். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும், பருத்தி காகித வாசனையோடு சாம்பலாகும். இது அச்சுக்கும் முக்கியம், ஏனென்றால் சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில் மட்டும்தான் பிடிக்கும்.

இப்போது தையல். யூனிட் வாசல்களில் தொங்கும் "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டைலர் தேவை" பலகையிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது. சாதாரண ஜெர்சியில் தோள், கை, பக்கம் எல்லாம் ஓவர்லாக்கில் இணையும். பேட்லாக் வருவது கீழ்மடிப்புக்கும் கைமடிப்புக்கும் மட்டும். ஓவர்லாக்கில் இரண்டு துண்டின் ஓரமும் சேர்ந்து உள்பக்கம் ஒரு முகடாக நிற்கும். பிடித்து இழுக்கும்போது பாரம் முழுக்க அந்த முகட்டின் அடியில் ஓடும் ஊசி நூலில் விழுகிறது. மூன்று நூல் ஓவர்லாக் என்றால் அப்படி ஓடுவது ஒரே ஊசி நூல். அது அறுந்தால் தையல் வாய் பிளந்துவிடும். நான்கு நூலில் இரண்டாவது ஊசி காவலாக இருக்கும். ஆட்ட ஜெர்சிக்குக் குறைந்தபட்சம் அது வேண்டும்.

சரியான வழி, நான்கு ஊசி ஆறு நூல் மெஷினில் துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தட்டையாகத் தைப்பது. என்.ஆர்.எல். மாதிரி தொழில்முறை ஆட்டங்களின் ஜெர்சியில் உள்ளே விரல் வைத்துத் தடவினால் முகடு தட்டுப்படாது. பாரம் நான்கு வரிசையில் பிரிந்துபோகிறது, தோலையும் அறுக்காது. இந்த மெஷின் எல்லா யூனிட்டிலும் இருக்காது. உள்ளாடையும் ஆக்டிவ் வேரும் தைக்கிற இடங்களில் இருக்கும். ஆகவே ஜெர்சி அச்சடிக்கிறவரிடம் கேட்பதைவிட, அச்சை ஒருவரிடமும் தையலை ஆக்டிவ் வேர் பழகிய யூனிட்டிலும் கொடுப்பது நல்லது. கூலி ஏறும். தைக்க நேரமும் கூடும், ஏனென்றால் ஓரம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் தையலில் ஓட்டை விழும். எல்லாவற்றுக்கும் கட்டுப்படியாகாது என்றால் அக்குள் வளைவு, தோள் இரண்டுக்கும் மட்டுமாவது கேளுங்கள். "ஏனுங்ணா, கை ஜாயிண்ட்டும் சோல்டரும் நாலு ஊசியில வரணுங்க, பக்கம் நாலு நூல் ஓவர்லாக்கே போதுங்க" என்று சொன்னால் கான்ட்ராக்டருக்கு ஒரே வரியில் புரிந்துவிடும்.

மெஷின் சரியாக இருந்தும் தையல் விடுவதற்கு நூலும் ஊசியும் காரணம். லைக்ரா துணி இழுபடும், சாதாரண ஸ்பன் பாலியஸ்டர் நூல் அந்த அளவுக்கு இழுபடாது. துணி முழுசாக இருக்க, நூல் மட்டும் "டப்" என்று அறும். அடிநூல் கொண்டுவரும் லூப்பரில் இழுபடும் ஊலி நூல், ஊசியில் நல்ல பாலியஸ்டர் நூல் என்றால் தையலும் துணியோடு போய்த் திரும்பும். அங்குலத்துக்கு 12 முதல் 14 தையல். 9, 10 என்று இறங்கினால் மெஷின் வேகமாக ஓடும், ஆனால் நூல் இழுபட இடமிருக்காது. ஊசி 11-ஆம் நம்பர் பால்பாயிண்ட். கூர் ஊசி கண்ணியைக் குத்தி அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, இரண்டு சலவைக்குப் பிறகு தையலை ஒட்டிச் சிறு துளைகள் வரிசையாகத் திறக்கும்.

சோதிக்க இரண்டு கை போதும். தையலின் மேல் 10 சென்டிமீட்டருக்குக் குறி போட்டு, தையல் ஓடும் திசையிலேயே 14 வரை இழுங்கள், ஐந்தாறு முறை. நூல் வெடிக்கும் சத்தம் வந்தால் அந்தச் சாம்பிளைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு குறுக்கே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். தையல் இடைவெளியில் வெளிச்சம் பல்லிளித்தால் டென்ஷன் தளர்வு. பெரிய ஆர்டர் கொடுக்கும் கல்லூரிகள் திருப்பூரில் உள்ள சோதனைக்கூடங்களிலோ கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்திலோ பர்ஸ்டிங் டெஸ்ட் (எவ்வளவு அழுத்தத்தில் கிழிகிறது என்ற சோதனை) பார்த்துக்கொள்வது நியாயமான செலவு. துணியை மட்டும் கொடுக்காமல் தையல் விழுந்த துண்டையும் கொடுக்க வேண்டும்.

அக்குள் மூலைக்கு இன்னொரு வைத்தியம் உண்டு. நான்கு தையல் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி, கைக்கும் பக்கத்துக்கும் நடுவே பலகை வடிவில் ஒரு துண்டு வைத்துத் தைப்பது. கபடி பனியன் தைக்கும் பழைய டைலர்களுக்கு இது கைவந்த வேலை. பேட்டர்ன் மாஸ்டர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். கையை முழுசாக உயர்த்தும்போது ஜெர்சி இடுப்பிலிருந்து மேலேறாமல் நிற்பதும் இந்தத் துண்டால்தான்.

கழுத்துக்கு ரிப் வைத்த வட்டமோ சிறு வி-யோ போதும், காலர் வேண்டாம். பின்கழுத்திலிருந்து இரு தோள்வரை டேப் ஓட வேண்டும். டேப் இல்லாத தோள் நான்கு ஆட்டத்தில் நீண்டு, கை முழங்கையை நோக்கி இறங்கிவிடும். வி-யின் முனையில் ஒரு பார்டேக், அதாவது நெருக்கமான பூட்டுத் தையல் அடிக்கச் சொல்லுங்கள்.

அச்சில் பிஜி மாடலுக்கென்றே ஒரு சிக்கல். சப்ளிமேஷன் வெள்ளைத் துணியில் விழுவது. 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் முக்கால் நிமிடம் போல அழுத்தும்போது மை ஆவியாகி நாருக்குள் போகிறது. மேல்முகத்தில்தான் போகிறது, உள்ளே நார் வெள்ளையாகவே இருக்கும். வெள்ளை, மஞ்சள், இளநீலம் எல்லாவற்றிலும் இது தெரியாது. கறுப்பில் தெரியும். தோளும் முதுகும் இறுகும்போது கறுப்பு சாம்பலாக வெளுத்துக் காட்டும். சூடு குறைந்தால் கறுப்பு பழுப்படித்து நிற்கும். கறுப்புக் கையைச் சாயம் போட்ட கறுப்புத் துணியிலேயே வெட்டினால் நிறம் ஆழமாக இருக்கும், ஆனால் அந்தச் சாயம் சூட்டிலும் ஈரத்திலும் பக்கத்து வெள்ளைக்கு ஏறக்கூடும். இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்றால் எங்கள் தேர்வு சப்ளிமேஷன் கறுப்பு. சற்று வெளுத்த கறுப்போடு ஆடலாம், சாம்பல் படிந்த வெள்ளையை ஒன்றும் செய்ய முடியாது. நொய்யல் கரையில் இருந்துகொண்டு இதையும் சொல்ல வேண்டும்: சப்ளிமேஷனுக்குச் சாயத் தொட்டி கிடையாது, கழிவுநீரும் கிடையாது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊரில் அது சின்ன விஷயமில்லை.

துண்டுகளை வெட்டி, அச்சடித்து, பிறகு தைக்க வேண்டும். தைத்த ஜெர்சியின் மேல் அழுத்தினால் அக்குளிலும் தையல் மடிப்பிலும் வெள்ளைக் கீற்று விழும். எண்ணும் பெயரும் சப்ளிமேஷனிலேயே வரட்டும். வினைல் ஸ்டிக்கர் எண் முதல் நாள் பளிச்சென்று இருக்கும், தரையில் சறுக்கினால் ஓரம் தூக்கும், லைக்ரா துணி இழுபடும்போது விரிசல் விடும். பிஜி சங்கத்தின் சின்னத்தையும் ஸ்பான்சர் பெயரையும் போடச் சொல்லாதீர்கள். அது அவர்கள் உரிமை. நிறத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பெயரை மார்பில் போடுங்கள், அதுதான் அழகும்.

அளவில் பிஜி ஆட்டக்காரர்களின் படத்தைக் காட்டி "இதே மாதிரி டைட்டா" என்று கேட்பது தவறான வழி. ஆறடிக்கு மேல் வளர்ந்து தோளும் தொடையும் நிறைந்த உடம்புக்கு வெட்டிய பேட்டர்ன் அது. நம் ரெய்டர்களின் உடம்பு பெரும்பாலும் இடுப்பு ஒடுங்கி, கை நீண்டு இருக்கும். அந்தப் பேட்டர்னைச் சுருக்கினால் தோள் பிடிக்கும், வயிற்றில் துணி தொங்கும். தொங்கும் துணி எதிராளியின் கைப்பிடி. லைக்ரா இன்டர்லாக் என்றால் ஜெர்சியின் மார்புச் சுற்று உடம்பளவைவிட 2 முதல் 4 சென்டிமீட்டர் குறைவாக, லைக்ரா இல்லாத துணி என்றால் 4 சென்டிமீட்டர் கூடுதலாக வையுங்கள். உயரம், நின்றபடி கையை முழுசாகத் தூக்கினாலும் இடுப்பு மூடியிருக்கும் அளவு. முன்வரிசையில் ஆடும் கனத்த ஆட்களுக்கு மார்பு அளவை மட்டும் பெருக்காமல் கைத்துளையின் ஆழத்தையும் கூட்டச் சொல்ல வேண்டும்.

சாம்பிள் ஒன்றை முழுசாகத் தைத்து வாங்கி, நனைத்துக் காயவைத்து, போட்டுக்கொண்டு பத்து பிடி போட்ட பிறகே மொத்தத்துக்குச் சரி சொல்லுங்கள். சாம்பிளை யூனிட்டின் கைதேர்ந்த டைலர் தைத்திருப்பார், ஆர்டரைப் பீஸ் ரேட்டில் வேறு கைகள் தைக்கும். ஆகவே ஒப்புக்கொண்ட சாம்பிளில் கையெழுத்துப் போட்டு யூனிட்டிலேயே ஒன்றை வைக்க வேண்டும், டெலிவரி எடுக்கும்போது பத்துக்கு இரண்டு பீஸாவது உள்பக்கம் திருப்பி அதோடு ஒப்பிட வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே ரோல், ஒரே லாட்டிலிருந்து வரட்டும். வெள்ளையிலும் ஷேட் மாறும், வெயிலில் நிற்கும்போது தெரியும்.

தை மாதப் போட்டிக்கு வேண்டுமென்றால் ஆர்டரைத் தீபாவளிக்கு முன்பே பேசி, துணியை உறுதி செய்துவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன டைலர்கள் திரும்பி, லைன் பழையபடி ஓட நாளாகும். அதற்குப் பிறகு வரும் அவசர ஆர்டரில்தான் அங்குலத்துக்கு 9 தையல் விழுகிறது. எண் அச்சடிக்காத இரண்டு பீஸைக் கூடுதலாக வாங்கி வைத்தால் கிழிந்த ஜெர்சிக்கு மாற்று, அந்த லாட்டிலேயே கிடைத்துவிடும்.

வெள்ளை ஜெர்சியும் நம் செம்மண்ணும் ஒத்துப்போகாது என்பதால் துவைப்பதைப் பற்றியும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் செம்மண் நாருக்குள் இறங்கும். நிழலில் காயவிட்டு, உதறி, மென்பிரஷால் தட்டிய பிறகு டிடர்ஜென்ட் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரில் நுரை வராது என்று பொடியை இரண்டு மடங்கு போடுவார்கள், அது துணியில் தங்கி விறைக்கும். கடைசி அலசலுக்காவது ஆற்றுத் தண்ணீர் பைப்பைப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் கூடவே கூடாது. செம்மண்ணின் இரும்புக் கறை அதில் போகாது, லைக்ரா அறுந்து ஜெர்சி தொளதொளத்துவிடும். உள்பக்கம் திருப்பிக் காயப்போடுங்கள், அயன் வேண்டாம்.